கைக்குட்டையின் பயண ஆல்பம்

என் மனைவியின் தங்கை கணவர் எனக்குச் சகலை முறை. எங்கள் வீட்டில் அவருக்குக் கைக்குட்டை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரே பார்த்தாலும் பாதி முகம்தான் தெரியும். மீதியை வெள்ளைக் கைக்குட்டை மூடியிருக்கும். எப்போதும் மூன்று வைத்திருப்பார். மூக்குக்கு ஒன்று, கதவுக் கைப்பிடியைத் திருக ஒன்று, கை துடைக்க ஒன்று. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. எந்த அலுவலகத்திலும் அவ்வளவு கறாரான வேலைப் பிரிவினையை நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலையோ ஊர் ஊராகப் போய் டாய்லெட் கோப்பை விற்பது. கோப்பை, வாஷ்பேசின், ஃபிளஷ் தொட்டி எல்லாம் படம் போட்ட புத்தகமாகப் பையில் இருக்கும். மாதத்தில் இருபது நாள் பஸ், ரயில், லாட்ஜ். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. கேட்பவர்கள், "ஊரெல்லாம் பாக்கற வேலை, குடுத்து வெச்சவரு" என்பார்கள். அவரிடம் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் கடலோ மலையோ வாயில் வராது. "அந்த ஊரா? சோப்புல முடி ஒட்டிக்கிட்டிருந்துச்சு." "அங்கயா? தலகாணில எவனோ தல வெச்ச எண்ணெக் கறை, காது வரைக்கும் தெரிஞ்சுது." "அத மட்டும் கேக்காதீங்க சகல, பக்கெட்டுக்குள்ள பேண்டேஜ் கெடந்துச்சு." அவர் மனதில் இருந்த தேசப்படம் முழுக்க இப்படித்தான். அதை விரித்துக் காட்டினால் சாப்பாடு இறங்காது.

லாட்ஜுக்குள் நுழைந்தால் கட்டிலைத் தொட மாட்டார். நாற்காலியின் மேல் சொந்த விரிப்பைப் போட்டு, கால் தரையில் படாமல் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குவார். இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து தூங்கிய முதுகு எப்படி இருக்கும்? கேள்விக்குறியாகத்தான் இருந்தது.

நான் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்பீர்கள். என் வேலை ஒலிக்கூடத்தில் இரைச்சல் எடுப்பது. சொற்பொழிவு, வகுப்புப் பாடம், விசாரணைப் பதிவு, எதுவானாலும் பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் வழித்து எறிய வேண்டும். ஃபேன் சத்தமும் ஏசி உறுமலும் பரவாயில்லை. மனிதர்களின் வாய்தான் தாங்காது. உதடு பிரியும்போது ஒரு பிசுக், எச்சில் விழுங்கும்போது ஒரு களுக், தொண்டையில் சளி ஏறி இறங்கும் கொரகொர. ஊரே கைதட்டும் பெரிய மனிதர்களின் வாய்க்குள் என்னென்ன நடக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக ஹெட்போனில் இதைக் கேட்டுக்கேட்டு, எதிரே யாராவது மெல்லுவதைப் பார்த்தாலே எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும். ஆக, எங்கள் மாமனாருக்கு வாய்த்த மருமகன்கள் இரண்டும் முத்து. ஒருத்தன் மூக்கைப் பொத்துவான், ஒருத்தன் காதைப் பொத்துவான்.

கதை தொடங்கியது ஆஸ்பத்திரியில். கொழுந்தியாளுக்குப் பித்தப்பையில் கல். அறுவை முடிந்து கண்ணைத் திறந்தபோது சகலை பக்கத்தில் இருந்தார். அடுத்து நடந்ததை அவள் வாயாலேயே கேளுங்கள். "அரைக்கண்ணால பாத்துக்கிட்டுதான் மாமா இருந்தேன். என் கையப் புடிச்சாரு. நல்லாத்தான் புடிச்சாரு. அப்புறம் கைய உருவிக்கிட்டு, அந்தக் கைக்குட்டைய எடுத்து, ஒவ்வொரு விரலா தொடைச்சாரு. நர்ஸ் பாத்துக்கிட்டே நிக்கிறா. கட்டினவ கைய எச்சித் தட்டு மாதிரி நெனச்சிட்டாரு."

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக வீட்டைத் தேய்த்துத் தேய்த்து அவளுடைய உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. தரையை ஒரு நாளில் மூன்று முறை, குழாயை நான்கு முறை. "இனி என் ஆயுசுக்கும் பிரஷ்ஷக் கையால தொட மாட்டேன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். மூன்று மாதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

இந்த இடத்தில் எங்கள் குளியலறையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கே கூச்சம்தான். முன்பு என் மனைவி கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி வந்ததும் நான் கழுவுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கோடு சரி. கொழுந்தியாள் பிரஷ்ஷைத் தொட மாட்டாள், மனைவியால் குனிய முடியாது, எனக்கு நாளை என்று ஒரு நாள் எப்போதும் கையிருப்பில் இருந்தது. மூன்று பேருடைய பிடிவாதமும் சேர்ந்து அங்கே வளர்ந்தது. ஓடு மஞ்சளாகி, மூலைகளில் ரோஸ் நிறத்தில் ஏதோ வழவழவென்று படர்ந்திருந்தது. தண்ணீர் போகும் ஓட்டையில் மூன்று பேர் முடியும் உருண்டையாகத் திரண்டு, குளிக்கும்போது மெல்ல அசையும். மக்கின் அடியைத் தொட்டால் மீனைத் தொட்ட மாதிரி இருக்கும். அடுத்தவன் தொண்டையைப் பற்றி அவ்வளவு பேசுகிற நான், தினமும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே குளித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஒரு புதன்கிழமை சகலை என் ஒலிக்கூடத்துக்கு வந்தார். கதவை அதற்கான கைக்குட்டையால் திறந்தார். நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் ஒரு பென் டிரைவ்.

"சகல, நான் ஒரு ஆல்பம் பண்ணியிருக்கேன்" என்றார்.

கோப்பைப் படப் புத்தகம் என்று நினைத்தேன். "என்ன மாடல்?" என்று கேட்டேன்.

"இசை ஆல்பம். பாட்டு இல்ல, தாளம் இல்ல. ஆம்பியன்ட்டுனு சொல்றாங்க. சும்மா விரிஞ்சு அடங்கற சத்தம். லேப்டாப்புலயே பண்ணது. பேரு ‘பயணம்’."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சோப்பில் முடி பார்த்துத் திரும்பியவருக்குப் பயண இசை ஒரு கேடா?

அவர் நின்றபடியே சொன்னார். கைக்குட்டை சற்று இறங்கியிருந்தது. "மொதல்ல ஆதாரத்துக்குத்தான் எடுத்தேன். லாட்ஜுல பக்கத்து ரூம்காரன் வாஷ்பேசின்ல நின்னு அரை மணி நேரம் காறிக்கிட்டே இருந்தான். போன்ல ரெக்கார்டு பண்ணி மேனேஜர்கிட்ட போட்டுக் காட்டினேன். நல்ல தொண்ட சார்னு சிரிக்கிறான். ரூமுக்கு வந்து லேப்டாப்புல போட்டப்ப கை தவறி வேகம் கொறஞ்சு போச்சு. கொறைக்கக் கொறைக்க அந்த ஆளே காணாமப் போயிட்டான். நூறு மடங்கு இழுத்தா அது ஒரு பெரிய காத்து, அவ்வளவுதான். அருவருப்பே வரல. அன்னிக்குத்தான் சகல, இத்தன வருஷத்துல மொத தடவ லாட்ஜுக் கட்டில்ல படுத்தேன்."

அதற்குப் பிறகு ஊர் ஊராக அதே வேலைதானாம். குழாய்ச் சொட்டு, கோப்பை நீர் இழுக்கும் சத்தம், ஃபேனின் கிறீச், சுவருக்குப் பின்னால் யாரோ ஏப்பம் விடுவது எல்லாவற்றையும் பிடித்து, இழுத்து, அடியில் கீபோர்டில் நீளநீளமாக நாலு சுரம் வைத்து, எட்டு ட்ராக் செய்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பெயர் ஓர் அறை எண்.

"மூலப் பதிவெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

"சீச்சீ! அந்த அசிங்கத்த யாரு வெச்சிருப்பா? இழுத்து முடிச்ச உடனே அழிச்சிடுவேன். ட்ராக்கெல்லாம் இதுல மட்டும்தான் இருக்கு. லேப்டாப்ப ஆபீஸ்ல திருப்பிக் குடுத்தாச்சு."

பிறகு குரலை இறக்கினார். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல, நல்ல ஸ்பீக்கர்ல, அவளுக்குப் போட்டுக் காட்டணும். ஆறாவது ட்ராக் அவளுக்குத்தான். எனக்கு வாயால சொல்ல வரல சகல. அதக் கேட்டா அவளுக்குப் புரியும். அதுக்கப்புறமும் வரலன்னா, நான் இனிமே கூப்பிட மாட்டேன்." உறையை என் மேஜைமேல் வைத்தார். "ஒரே ஒரு உதவி. ஒரு ட்ராக் மெதுவா கேக்குது, ஒண்ணு சத்தமா கேக்குது. எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டாங்க. வேற எதையும் எடுத்துடாதீங்க."

"கவலைய விடுங்க. இது நம்ம பொழப்பு" என்றேன்.

அவர் போனதும் ஹெட்போனை மாட்டினேன். முதல் ட்ராக் ஒரு நிமிடம் ஓடியிருக்கும். உண்மை தெரியாமல் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்குமோ தெரியாது, சொல்லிவிட்டாரே. காற்று மாதிரி ஏதோ வீசியது. எனக்கோ அதற்குள் ஒருவன் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. சளி தெரிந்தது. இருபத்தாறு வருடமாக எதை வழித்து எறிந்தேனோ அதையே இந்த மனிதர் பாகு காய்ச்சி இழுத்து என் காதுக்குள் ஊற்றுகிறார். இதைப் போய்க் கொழுந்தியாளுக்குப் போட்டால் திரும்பி வருகிற கொஞ்சநஞ்ச எண்ணமும் போய்விடும் என்று நினைத்தேன். நல்லதுதான் செய்கிறோம் என்றே நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

இரைச்சல் எடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பேச்சு தொடங்குமுன் இரண்டு மூன்று விநாடி வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும். அதை மென்பொருளுக்குக் காட்டிவிட்டால், அதைப் படித்துக்கொண்டு முழுப் பதிவிலிருந்தும் உருவிவிடும். சகலையின் ஒவ்வொரு ட்ராக்கும் வெறும் அறைச் சத்தத்தோடுதான் தொடங்கியது. சுரங்கள் பிறகுதான் வந்தன. நானும் பழக்க தோஷத்தில் முதல் மூன்று விநாடியைக் காட்டினேன், உருவினேன். ஐந்து ட்ராக் வெண்ணெயாக வந்துவிட்டது. ஆறாவதுதான் படுத்தியது. அதில் கரகரவென்று ஓர் உரசல், போய்ப் போய் வந்துகொண்டே இருந்தது. குழாயில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். முதல் தடவை போகவில்லை, இரண்டாம் தடவையும் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் விடுவேனா? மூன்றாம் தடவை அழுத்திப் பிடித்து ஓட்டியதும் சுவடில்லாமல் போய்விட்டது. என் வழக்கப்படி பழைய கோப்பின் மேலேயே பதிந்துவைத்தேன். பழையதையும் புதியதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி அது.

நடுவில் சகலை போன் செய்து கேட்டுப் பார்க்க வரட்டுமா என்றார். "நேரா ஞாயித்துக்கிழமையே கேளுங்க, அசந்துபோயிடுவீங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். சலவைச் சட்டை, வாரிய தலை, பெண் பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வழக்கமாக நாற்காலியில் விரிக்கும் துணியைக் கொண்டுவரவில்லை என்பதை நான் பார்த்தேன், கொழுந்தியாளும் பார்த்தாள். அவள் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஒக்காருடி, காசா பணமா" என்று என் மனைவி இழுத்து உட்காரவைத்தாள்.

போட்டேன். முதல் ட்ராக்கில் நாலு சுரம் வந்தது. நீண்டது, அடங்கியது. மறுபடி வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. துடைத்த கண்ணாடி.

சகலை என்னைத் திரும்பிப் பார்த்தார். பேயறைந்த முகம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டத்தான் பார்க்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். அவர் எழுந்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஆறாவதப் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆறாவதைப் போட்டேன். அதே நாலு சுரம். மற்றவற்றைவிடச் சுத்தம்.

இரண்டு நிமிடம் கொழுந்தியாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "இதுல என்ன இருக்கு?" என்றாள்.

"இதுல நீ இருந்தே" என்றார் சகலை.

"எங்க?"

அவர் கைக்குட்டையை எடுத்தார், மூக்குக்குக் கொண்டுபோகாமல் மடியில் வைத்துக் கசக்கினார். "ஒரே ஒரு தடவ நீ என்கூட வெளியூர் வந்தியே. அந்த லாட்ஜு பாத்ரூமுக்குள்ள நான் கால் வெக்க மாட்டேன்னுட்டேன். நீ கடையில போயி பிரஷ் வாங்கிட்டு வந்து ஒரு மணி நேரம் தேச்சே. நான் வெளிய பெட்டி மேல ஒக்காந்து போன்ல புடிச்சேன். இருவது வருஷமா நீ தேக்கிற சத்தம் எனக்குக் கேட்டதே இல்ல. நான் உள்ள வரும்போது எல்லாம் தேச்சு முடிஞ்சிருக்கும். அன்னிக்குத்தான் கேட்டேன். அதுல ஒரு துண்ட இழுத்தப்ப அல மாதிரி இருந்துச்சு. பதினோரு நிமிஷம். நான் பண்ணதுல அது ஒண்ணுதான் உருப்படி."

ஸ்பீக்கரில் நாலு சுரம் வந்து போய்க்கொண்டிருந்தது. மூன்று தடவை ஓட்டினேனே, அந்தக் கரகர.

கொழுந்தியாள் காது கொடுத்துக் கேட்டாள். "இல்லையே."

"இல்ல" என்றார் அவர்.

"இங்கயும் என்னத் தொடைச்சிட்டீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி என்மேல் விழுந்திருக்கும். சொல்லவில்லை. எச்சில் விழுங்கினார், அந்தக் களுக் எனக்குக் கேட்டது. முதல் தடவையாக அந்தச் சத்தம் எனக்கு அருவருப்பாக இல்லை. நான்தான் எனக்கு அருவருப்பாக இருந்தேன்.

"அவரு இல்லம்மா, நான்தான்" என்றேன். "எதையும் எடுக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. குழாய் ரிப்பேர்னு நெனச்சு உருவி எறிஞ்சது நான். மூணு தடவ."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "உங்க காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்த" என்றாள்.

"பழசு?" என்று கொழுந்தியாள் கேட்டாள்.

"நான் அதுமேலயே பதிஞ்சுட்டேன்."

"போன்ல எடுத்தது?" இது சகலையிடம்.

"அழிச்சிட்டேன்" என்றார் அவர். "பாத்ரூம் சத்தம்தானேன்னு."

அவள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்தது, அதைவிட அதிகமாகக் குமட்டல் இருந்தது. "ரெண்டு பேரும் நல்லா சேந்தீங்க. ஒருத்தரு தேக்கிறத இருவது வருஷம் காதுல போட்டுக்கல. ஒருத்தரு கேட்டும் குழாய்னு நெனச்சிட்டாரு." எழுந்து பின்கட்டுக்குப் போனாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வேறெங்காவது போய்விடுவாள் என்று நான் பயந்தேன். பிரஷ்ஷோடு திரும்பி வந்தாள். மூன்று மாதமாகத் தொட மாட்டேன் என்று சொன்ன அதே பிரஷ். அதைக் கணவரின் மடியில், கைக்குட்டைமேல் போட்டாள்.

"அந்தச் சத்தம் வேணும்னா தேயுங்க. மாமா வீட்டு பாத்ரூம் இருக்கு. நான் வெளிய ஒக்காந்து புடிக்கிறேன்."

"ஐயோ, அது வேண்டாம்மா" என்று நான் பதறினேன். அதன் லட்சணம் எனக்குத்தானே தெரியும்.

சகலை பிரஷ்ஷைக் கைக்குட்டை சுற்றாமல் வெறுங்கையால் எடுத்தார். குளியலறைக் கதவைத் திறந்ததும் ஓர் அடி பின்வாங்கினார். காது இரண்டும் சிவந்துவிட்டது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், சலவைப் பேன்ட்டோடு அந்த வழவழப்பில் மண்டியிட்டார். கொழுந்தியாள் வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போனை நீட்டினாள்.

தேய்த்தார். தேய்க்கத் தெரியவில்லை. "அழுத்தித் தேயுங்க. கோப்ப விக்கிறவருக்குத் தேக்கத் தெரியல" என்று அவள் வெளியிலிருந்து சொன்னாள். மஞ்சள் கரைந்து ஓடியது. ஓட்டையிலிருந்த முடி உருண்டையை விரலால் பிடித்து இழுத்தார். அது நீண்டுகொண்டே வந்தது. என் முடியும் அதில் இருந்தது. அந்த இடத்தில் அவரால் முடியவில்லை, கோப்பையைக் கட்டிப் பிடித்து வாந்தி எடுத்துவிட்டார். அவள் போனை நிறுத்தவில்லை. புதிய ஆறாவது ட்ராக்கில் ஏழாவது நிமிடத்தில் அது இருக்கிறது. நூறு மடங்கு இழுத்தபின் தூரத்தில் கப்பல் கிளம்புகிற மாதிரிக் கேட்கிறது. எந்தத் துறைமுகம் என்று இதுவரை இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதில் நான் கை வைக்கவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி மண்டியிட்டார். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஓட்டின் பழைய நிறம் வெள்ளை என்று எங்களுக்கெல்லாம் நினைவு வந்தது. எழுந்திருக்க முயன்றார், உட்கார்ந்தே தூங்கிய முதுகு ஒத்துழைக்கவில்லை. கொழுந்தியாள் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கையை நீட்டினாள். அவர் தன் கையைப் பார்த்தார். முடியும் சோப்பு நுரையும் இன்னும் ஏதேதோ ஒட்டியிருந்தது. தயங்கினார். அவளே பிடித்து இழுத்துத் தூக்கினாள்.

நின்ற பிறகும் அவர் கையை விடவில்லை, துடைக்கவும் இல்லை. அவள்தான் விடுவித்துக்கொண்டாள். அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டு, கைக்குட்டைகளில் கை துடைக்கிறது எது என்று பார்த்து எடுத்து, தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.